பாடி எர்த்: மூட்டுகளை எடைபோடுதல்

செல்ஃப் அடிக்கும் அந்த இரண்டு நொடியில் ஒரு நடுத்தரப் பெட்ரோல் காரின் பேட்டரியிலிருந்து 100 முதல் 200 ஆம்பியர் வரை வெளியேறுகிறது. டீசல் என்றால் அதற்கும் மேல். சிவப்புக் கேபிளில் எவ்வளவு போகிறதோ அவ்வளவும் கறுப்புக் கேபிள் வழியே திரும்பி வந்தாக வேண்டும், ஓர் ஆம்பியர்கூடக் குறையாமல். ஆயினும் இரண்டுக்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றாக இல்லை. பாசிட்டிவ் பக்கத்துக்கு ரப்பர் மூடி, ஃப்யூஸ், தனித் தடம் எல்லாம் உண்டு. நெகட்டிவ் பக்கம் பாடியில் எங்கோ ஒரு போல்ட்டில் முடிந்துவிடுகிறது. நான் இங்கே எடைபோட எடுத்துக்கொள்வது அந்தப் போல்ட்டை. கூடவே, அதைச் சோதிக்க நம் பட்டறைகள் கையாளும் முறைகளையும் கெட்டபின் செய்யும் பரிகாரங்களையும்.

குழப்பத்தில் ஒரு பங்கு பெயரிலேயே இருக்கிறது. தந்திக்கு ஒரே கம்பி போதும், திரும்பும் வழியை மண்ணே தரும் என்று 1838-இல் ஸ்டைன்ஹைல் கண்டறிந்தபோது ‘எர்த்’ என்ற சொல் பொருத்தமாக இருந்தது. வண்டியோ ரப்பர் டயரில் நிற்கிறது. வீட்டு வயரிங்கில் எர்த் ஒரு காவல் கம்பி. எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை அதில் மின்சாரம் ஓடக் கூடாது. வண்டியின் எர்த் அப்படியல்ல. அது சுற்றின் சரிபாதி, எந்நேரமும் முழுச் சுமையும் அதில் ஓடுகிறது. வீட்டிலிருந்து வந்த சொல், வீட்டிலிருந்தே ஓர் அலட்சியத்தையும் கூட்டிவந்துவிட்டது. பட்டறைச் சொல்லை மாற்ற நான் முயலவில்லை. எர்த் என்றே எழுதுகிறேன். திரும்புவழி என்று பொருள்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

எந்த முனையைப் பாடியோடு சேர்ப்பது என்ற பழைய வழக்கில் இன்று எடைபோட ஒன்றுமில்லை. ஃபோர்டு 1955 வரையும் பிரிட்டிஷ் கார்கள் 1960-கள் வரையும் பாசிட்டிவ் முனையைப் பாடியில் கட்டின. மூட்டு கெட்டால் இரண்டு ஏற்பாடும் ஒரே மாதிரிதான் தோற்கும்.

முதலில் ஒரு விடுதலைத் தீர்ப்பு. ‘பாடி தகரம்தானே, அதில் எப்படிச் சரியாக கரண்ட் பாயும்’ என்ற சந்தேகம் அனுபவமுள்ளவர்களிடமும் இருக்கிறது. எஃகு செம்பைவிட மோசமான கடத்தி என்பது உண்மை. ஏறத்தாழ எட்டு மடங்கு மோசம். ஆனால் 0.8 மி.மீ. தடிமனும் 1 மீட்டர் அகலமும் உள்ள தரைத் தகட்டின் குறுக்குவெட்டு 800 சதுர மி.மீ. எட்டால் வகுத்தாலும் 100 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்குச் சமம். கார் பேட்டரிக் கேபிளோ பெரும்பாலும் 16 முதல் 35 சதுர மி.மீ. வரைதான். ஆக, பாடி குற்றவாளி அல்ல. 25 சதுர மி.மீ. செம்புக் கேபிள் ஒரு மீட்டரும் குற்றவாளி அல்ல. அதன் எதிர்ப்பு 0.0007 ஓம், 200 ஆம்பியரில் அதில் விழுவது 0.14 வோல்ட். கேபிளும் பாடியும் சந்திக்கும் இடம் மட்டுமே மிச்சம். அங்கே 0.006 ஓம் சேர்ந்துவிட்டால் 1.2 வோல்ட் போகும், 240 வாட் சூடாக மாறும். எர்த் வேலையின் தரம் முழுவதும் மூட்டுகளின் தரம்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு தொழிற்சாலை ஏற்பாடுகளைப் பார்க்கலாம். ஒரு வகையில் நெகட்டிவ் கேபிள் நேராக இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகிறது. மெல்லிய கிளை ஒன்று பாடிக்குப் பிரிகிறது. இன்னொரு வகையில் கேபிள் முதலில் பாடியில் இறங்குகிறது. அங்கிருந்து பின்னல் பட்டை ஒன்று இன்ஜினைச் சேர்கிறது. முதல் வகையின் சிறப்பு வெளிப்படை: மிகப் பெரிய சுமையான செல்ஃப் மோட்டார் மிகக் குறைந்த மூட்டுகளைக் கடந்து பேட்டரியை அடைகிறது. இன்ஜின் ஆடும்போது கேபிளும் ஆடும், அதனால் தளர்வு விட்டுக் கட்ட வேண்டும் என்பது அதன் குறை. மெல்லிய கிளை அறுந்தால் விளக்குகளும் மீட்டர்களும் பைத்தியம் பிடித்ததுபோல் நடந்துகொள்ளும் என்பது இன்னொன்று. இரண்டாம் வகையில் கேபிள் அசையாமல் இருக்கிறது, ஆயுள் கூடுகிறது. ஆனால் செல்ஃபின் மின்சாரம் நான்கு மூட்டுகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. நான்கில் ஒன்று கெட்டால் போதும். கொள்கை அளவில் முதல் வகையே மேல் என்பது என் கருத்து. பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கடியிலோ இருக்கும் வண்டிகளுக்கு அந்தத் தேர்வு இல்லை. அங்கே பாடியே வழி.

டிக்கி பேட்டரியின் விலையை 1959-இல் வந்த பிரிட்டிஷ் மினி காட்டியது. இஸிகோனிஸின் அந்த வடிவமைப்பைப் பாராட்டாத பொறியாளர் இல்லை. இடச் சிக்கனத்தில் அதற்கு இணை சொல்வது கடினம். பேட்டரி பின்னால், இன்ஜின் முன்னால், இன்ஜினோ ரப்பர் மவுண்ட்டில். இரண்டுக்கும் நடுவே கனமான மின்சாரத்துக்கு இருந்தது ஒரு பின்னல் பட்டை. அது தளர்ந்தாலோ அறுந்தாலோ மின்சாரம் வேறு வழி தேடியது. ஆக்ஸிலரேட்டர் கேபிளும் சோக் கேபிளும் செல்ஃபின் சுமையைத் தாங்கிப் பழுக்கக் காய்ந்தன. ஆக்ஸிலரேட்டர் ஒயர் ஏன் திரும்பத் திரும்ப இறுகுகிறது என்று தேடிப் போனவர்கள் கடைசியில் எர்த் பட்டையில் வந்து நின்றார்கள். ரப்பர் மவுண்ட்டில் இன்ஜின் உட்கார்ந்த எந்த வண்டிக்கும் இது பொருந்தும். தனிச் சேஸிஸ் உள்ள ஜீப், வேன்களில் நிலைமை இன்னும் சிக்கல்: இன்ஜின், சேஸிஸ், பாடி மூன்றும் ரப்பரால் பிரிந்த மூன்று தீவுகள். மூன்றையும் இணைக்கும் பட்டைகளில் ஒன்று விட்டுப்போனாலும் ஏற்பாடு முழுமையற்றது.

இனி மூட்டுக்குள் இறங்குவோம். தட்டையாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், உண்மையில் தொடுவது சில நுண்ணிய மேடுகள் மட்டுமே. மின்தொடுப்புகளை ஆயுள் முழுக்க ஆராய்ந்த ராக்னர் ஹோல்ம் இதைத் தெளிவாக நிறுவினார். அழுத்தம் கூடினால் மேடுகள் நசுங்கித் தொடும் பரப்பு கூடும்; பெயின்டோ துருவோ இடையில் வந்தால் குறையும். இதிலிருந்து மூன்று கட்டளைகள் நேராகப் பிறக்கின்றன. கேபிள் நுனியின் லக் உட்காரும் இடம் வெற்று உலோகமாக இருக்க வேண்டும். லக்கின் முகம் அந்த உலோகத்தையே தொட வேண்டும். போல்ட் இறுக்கமாக இருக்க வேண்டும்.

மிகச் சாதாரணமான தவறு இரண்டாவதில் நடக்கிறது. வாஷரை லக்குக்கும் பாடிக்கும் நடுவே போட்டுவிடுகிறார்கள். போல்ட்டின் தலைக்கடியில் இருக்க வேண்டிய எஃகு வாஷர் மின்சாரத்தின் பாதையில் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு மூட்டு இரண்டு மூட்டாகிறது. பல் வைத்த ஸ்டார் வாஷரைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: அது பெயின்டைக் குத்திக் கிழித்து உலோகத்தைப் பிடிக்கும், விளக்கு எர்த்துக்கு அது போதும். ஆனால் பத்துப் பன்னிரண்டு பல் முனைகள் 200 ஆம்பியருக்குப் பாதையாகாது. அங்கே எமரித் தாள்தான். வெள்ளி போலப் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும்.

கிரீஸ் பற்றிய சண்டை தேவையில்லாமல் நீண்டுவிட்டது. மூட்டுக்குள் மெல்லப் பூசிய வாஸ்லின் கெடுதல் செய்யாது. மேடுகள் நசுங்கும் இடத்திலிருந்து அது தானாகப் பிதுங்கிவிடும். அழுக்கை மறைக்கப் பூசினால் அழுக்கு அப்படியே இருக்கும். இறுக்கியபின் மேலே பூசுவதுதான் முக்கியம், ஏனென்றால் மழைநீரும் கடற்காற்றும் உள்ளே போகாமல் காப்பது அதுதான். அலுமினிய கியர்பாக்ஸில் செம்பு லக் உட்காரும் இடத்தில் இந்தக் காப்பு கட்டாயம். ஈரம் சேர்ந்தால் அந்த ஜோடியில் அலுமினியம் அரித்துப் பொடியாகும். வெள்ளீயம் பூசிய லக் அதைத் தாமதப்படுத்தும்.

சோதனை முறைகளுக்கு வருகிறேன். நம் தொழிலின் பலவீனம் இங்கேதான் அதிகம் தெரிகிறது.

டெஸ்ட் லேம்ப் எளியது, மலிவானது, கை பழகியது. எங்கே வயர் முற்றிலும் அறுந்திருக்கிறது என்பதை நொடியில் காட்டும். எர்த் மூட்டின் தரத்தைச் சொல்லும் தகுதி அதற்கு இல்லை. 21 வாட் பல்ப் எடுப்பது 1.75 ஆம்பியர். மூட்டில் 0.05 ஓம் இருந்தால் பல்ப்புக்கு நஷ்டம் 0.09 வோல்ட், கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அதே மூட்டில் 150 ஆம்பியர் பாய 7.5 வோல்ட் வேண்டும். செல்ஃப் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். பல்ப் பிரகாசமாக எரிந்தது, எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. தவறான கேள்விக்குச் சரியான பதில் சொல்கிறார்.

மீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பார்ப்பது விஞ்ஞானம்போலத் தோன்றும், ஆனால் டெஸ்ட் லேம்பைவிடவும் ஏமாற்றும். மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் அளவு. கேபிளின் நூற்றுக்கணக்கான இழைகளில் ஒன்றே ஒன்று ஒட்டியிருந்தாலும் ‘பீப்’ அடித்துவிடும். சாதாரண மீட்டரின் கம்பிகளுக்கே 0.1, 0.2 ஓம் எதிர்ப்பு உண்டு. நாம் தேடுவது அதில் இருபதில் ஒரு பங்கு.

பழைய எலக்ட்ரீஷியன்கள் செல்ஃப் அடித்தபின் மூட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். இதை நான் குறைத்து மதிக்க மாட்டேன். முழுச் சுமையில் சோதிக்கும் முறை என்ற வகையில் கொள்கை சரியானது, டெஸ்ட் லேம்புக்கு இல்லாத தகுதி அது. ஆனால் பெரிய பாடித் தகடு சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும். விரலுக்கு எண் தெரியாது. ஜம்பர் கேபிளை நெகட்டிவ் முனையிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு நேராகப் போட்டுச் செல்ஃப் அடித்துப் பார்ப்பது இதைவிட ஒரு படி மேல். வண்டி சட்டென்று எடுத்தால் எர்த்தில்தான் குறை என்பது நிரூபணமாகிறது. எந்த மூட்டில் என்பதை மட்டும் அது சொல்லாது.

இரண்டையும் சொல்லும் முறை ஒன்றே: சுமையில் வோல்ட் இழப்பை அளப்பது. மீட்டரை நேர்மின் வோல்ட் நிலையில் வைக்க வேண்டும். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்தின் மேல். கிளாம்ப்பின் மேல் அல்ல, கம்பத்தின் மேலேயே. மறுமுனை இன்ஜின் பிளாக்கின் வெற்று உலோகத்தில். ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் எண்ணைப் படிக்க வேண்டும். கேபிள் ஒன்றுக்கு 0.2 வோல்ட், ஒரு மூட்டுக்கு 0.1 வோல்ட்; இந்த எல்லைகள் தொழிலில் ஏற்கப்பட்டவை. இந்தச் சோதனையின் குறை, இரண்டு பேர் வேண்டும் என்பது மட்டுமே.

ஒரு பழைய டீசல் வேனில் இதைச் செய்தேன். கேபிள் பாடியில் இறங்கும் இரண்டாம் வகை வண்டி. ஒரு பட்டறையில் பேட்டரி மாற்றியிருந்தார்கள். இன்னொன்றில் செல்ஃபைக் கழற்றிக் கார்பன் மாற்றியிருந்தார்கள். காலையில் இழுத்து இழுத்துத்தான் எடுத்தது. நெகட்டிவ் கம்பத்துக்கும் பிளாக்குக்கும் நடுவே 1.6 வோல்ட். பிறகு ஒவ்வொரு மூட்டாக நகர்ந்தேன். கம்பத்திலிருந்து கிளாம்ப் 0.05. கேபிளின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி லக் 0.1. லக்கிலிருந்து, அரை அடி தள்ளிச் சுரண்டிய பாடித் தகடு 1.2. பாடியிலிருந்து பிளாக் 0.25. கூட்டினால் அதே 1.6.

நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி வைத்துவிட்டு (எந்த வேலைக்கும் அதுவே முதலில் கழற்ற வேண்டியது, கடைசியில் மாட்ட வேண்டியது) பாடிப் போல்ட்டைத் திறந்தேன். லக் செம்பு நிறத்தில் அழகாக இருந்தது. அதன் கீழே வட்டமாக, ஒரு கீறல்கூட இல்லாத வெள்ளைப் பெயின்ட். எப்போதோ டிங்கரிங் முடித்துப் பெயின்ட் அடித்தவர்கள் அந்த இடத்தையும் சேர்த்து அடித்து, காய்ந்ததும் லக்கை மேலே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். அன்றுமுதல் செல்ஃபின் மின்சாரம் அத்தனையும் போல்ட்டின் துருவேறிய மரை வழியே நுழைந்து போயிருக்கிறது. எமரித் தாள் பத்து நிமிடம். அந்த மூட்டு 1.2-இலிருந்து 0.04-க்கு வந்தது. இன்ஜின் பட்டையையும் மாற்றியபின் 0.25 என்பது 0.06 ஆனது. மொத்தம் 0.25. வேன் முதல் அடியிலேயே எடுத்தது. கழற்றிப் போட்ட பேட்டரியில் பெரிய குறை எதுவும் இருந்திருக்காது என்பதே என் ஊகம். அதற்கு உரிமையாளர் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை.

பரிகாரங்களில் நம் பட்டறைகள் விரும்பிச் செய்வது ‘எக்ஸ்ட்ரா எர்த்’. பழையது எங்கே கெட்டது என்று தேடாமல் புதிதாக ஒரு கேபிளை பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு இழுத்துவிடுவது. முற்றாக ஒதுக்க வேண்டிய வேலை அல்ல. நடுவழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்கும், இரண்டாம் வகை ஏற்பாட்டை ஏறத்தாழ முதல் வகையாக மாற்றிவிடும். ஆனால் நோயுற்ற மூட்டு அப்படியே இருக்கிறது. செல்ஃப் பிழைத்துக்கொள்ள, விளக்குகளும் கணினியும் கெட்ட மூட்டையே நம்பி வாழ்கின்றன. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவது, ஹெட்லைட் போட்டால் டீசல் முள் நகர்வது எல்லாம் தொடரும்.

வண்ண வண்ணக் கம்பிகளோடு விற்கும் ‘கிரவுண்டிங் கிட்’ வேறு இனம். மைலேஜ் கூடும், பிக்கப் கூடும் என்ற வாக்குறுதியோடு வருகிறது. துருவேறிய பட்டைகள் உள்ள பழைய வண்டியில் அதைப் போட்டவர் வித்தியாசம் உணர்ந்தால், அவர் உணர்ந்தது உண்மை. ஆனால் அதைச் செய்தது புதிய மூட்டுகள், கிட்டின் நிறமோ பெயரோ அல்ல. மூட்டுகள் நல்ல நிலையில் உள்ள வண்டியில் அது குறைக்கக்கூடிய இழப்பு ஒரு வோல்ட்டில் நூறில் சில பங்குதான். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள புதிய கார்களில் அது தீங்கே செய்யும். அவற்றில் நெகட்டிவ் முனையின் மேலேயே ஒரு சென்சார் உட்கார்ந்து, போய்வரும் ஒவ்வொரு ஆம்பியரையும் கணக்கு வைக்கிறது. எக்ஸ்ட்ரா எர்த்தை முனையிலேயே கட்டினால் அந்த மின்சாரம் கணக்கில் வராமல் போய், பேட்டரியின் நிலை பற்றிய கணிப்பு பிசகும். ஹார்னோ ஆம்ப்ளிஃபயரோ எதை மாட்டினாலும் எர்த்தைப் பாடியில்தான் கட்ட வேண்டும்.

கேபிள் வாங்கும்போது ஒரு சோதனை போதும். ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனுள்ள செம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே கடத்தும். தடிமனைக் கூட்டி அதை ஈடுகட்டலாம், ஆனால் செம்பு என்று சொல்லி விற்றதை மன்னிக்க முடியாது. லக்கை உளியும் சுத்தியலும் வைத்து நசுக்குவது இன்றும் நடக்கிறது. ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் காற்று நிற்கும் அந்த மூட்டு முதல் நாள் நன்றாக அளக்கும். இரண்டு மழைக்காலம் தாண்டினால் உள்ளே பச்சை பூத்துவிடும். சால்டர் ஊற்றினால் காற்றுப் புகாது என்பது நியாயமான வாதம். ஆனால் சால்டர் இழைகளுக்குள் ஏறி நிற்கும் எல்லையில் கேபிள் விறைத்துப்போய், அதிர்வில் அங்கேயே முறியும். சரியான அச்சில் அறுகோணமாக அழுத்திய லக், மேலே பசையுள்ள சுருங்கு குழாய்: இதற்கு மேல் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் மெக்கானிக்குகளின் கைத்திறனை நான் மதிக்கிறேன். அறுந்த வயரை இருட்டில் விரலாலேயே கண்டுபிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குறை அவர்கள் கையில் இல்லை, முறையில் இருக்கிறது. சுமையில் அளக்காத சோதனையை நம்பி பேட்டரியையும் செல்ஃபையும் மாற்றச் சொல்வது எந்த அளவுகோலிலும் தேறாது. அளந்து, மூட்டைத் திறந்து, வெற்று உலோகம்வரை சுத்தம் செய்து, இறுக்கி, மூடி, மறுபடி அளந்த வேலையை மட்டுமே முடிந்த வேலை என்று ஏற்கலாம். பேட்டரி போய்விட்டது என்று அடுத்த முறை உங்களிடம் சொன்னால், பணத்தை எடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: செல்ஃப் அடிக்கும்போது நெகட்டிவ் கம்பத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே எத்தனை வோல்ட் காட்டியது?